வெளக்கும் வௌவாலும்: மென்பொருள் வெளியீட்டில் தன்னியக்கம் பற்றிச் சில எண்ணங்கள்

பதிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் கலைப்பீடத்துத் தமிழ் மாணவர் எவருக்கும் ஏட்டுச்சுவடிகளும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் நினைவுக்கு வருதல் இயல்பே. 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றிய அப்பெரியார், கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடத்தைத் தீர்மானித்துத் தம் பெயரோடு வெளியிட்டார். அதிற் பிழை காண்போர் யாரிடம் சென்று கேட்கவேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளாக நானும் ஒரு பதிப்பு முயற்சியில் ஓரளவு பங்குகொண்டு வருகிறேன். ஆனால் இங்கே பதிப்பிக்கப்படுவது நூலன்று. ஒரு மென்பொருட் பொதி. அதனைக் கட்டுவதும் சோதிப்பதும் வெளியிடுவதும் எங்கோ ஒரு தரவு நிலையத்திற் சில நிமிடங்களுக்கு மட்டும் உயிர்பெற்று மறைந்துவிடும் ஒரு கணினி. இத்தகைய ஏற்பாட்டிலே பொறுப்பு எங்கே சென்று தங்குகிறது என்ற வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பொதி என்பது யாது என்பதைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். செய்நிரலை ஆக்குபவர் அதனை மூலநிரலாக எழுதுகிறார். அது பலருக்கும் பயன்படவேண்டுமாயின், தேவையான கோப்புகளை ஒன்றுசேர்த்து, பதிப்பெண் இட்டு, வேறெந்தப் பொதிகளின் துணை அதற்கு வேண்டும் என்ற குறிப்பையும் இணைத்து, ஒரே கட்டாகக் கட்டிப் பொதுக் களஞ்சியமொன்றில் வைத்தல் வேண்டும். பேர்ள் மொழிக்கென 1995இல் தோன்றிய சீபான், பைதன் மொழிக்கென 2003இல் தோன்றிய பைபிஐ என்பன இத்தகைய களஞ்சியங்களே. பயனாளர் ஒற்றை வரிக் கட்டளை ஒன்றை இட்டால் வேண்டிய பொதி அவருடைய கணினிக்கு வந்து சேரும். அது சார்ந்து நிற்கும் ஏனைய பொதிகளும் அழையா விருந்தாளிகளாய் உடன்வரும்.

எங்கள் பொதி மிகச் சிறியது. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்ட பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவதே அதன் பணி. இலங்கையிலே கணினி வழியாகத் தமிழை அச்சிட்டோர் பாமினியை அறியாதிருக்க முடியாது. ‘தமிழ்’ என்னும் சொல் பாமினிக் கோப்பிலே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிந்திருக்கும். எழுத்துருவை அகற்றிவிட்டால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவை. மாணவர் சங்கங்களின் மலர்கள், ஆய்வேடுகள், நாடகப் பிரதிகள் எனப் பல ஆக்கங்கள் இறுவட்டுகளிலே இவ்வாறே உறங்குகின்றன. இவற்றை மாற்றும் கருவிகள் ஏற்கனவே பல உள்ளன. ஆயினும் ஆயிரக்கணக்கான பக்கங்களை ஒருங்கே மாற்றவும், மாற்றத்தில் நேரும் பிழைகளை இனங்கண்டு திருத்தவும், திருத்தியதைப் பிறரும் பயன்படுத்தவும் ஒரு பொதி வேண்டியிருந்தது. பொறியியற்பீடத்து நண்பர் சிலர் அதனை எழுதத் தொடங்கினர். நிரலெழுத அறியாத எனக்குச் ‘சொல் கொடுப்பவர்’ என்ற பதவி கிடைத்தது.

நான் சேர்வதற்கு முன்னர் வெளியீட்டு வேலை முழுவதையும் ஓர் அண்ணாவே செய்துவந்தார். அவருடைய மடிக்கணினியிலேதான் பொதி கட்டப்படும். களஞ்சியத்தின் நுழைவுச்சாவியும் அதிலேதான் இருந்தது. பதிப்பெண்ணை இரண்டு இடங்களில் மாற்றுவது, பழைய கட்டை அழிப்பது, சோதனைகளை ஓடவிடுவது என்று பத்துப் பன்னிரண்டு படிகள். அவை எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை; அவர் விரல்களில் இருந்தன. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்திலே மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் எழுந்து அவர் பதிப்புகளை வெளியிட்டார் என்று கூறுவர். பட்டம் பெற்று அவர் கடல்கடந்து சென்றபின் மூன்று நல்ல திருத்தங்கள் மாதக்கணக்கில் வெளிவராமற் கிடந்தன. அவரிற் குறைகாண்பதற்கில்லை. ஆண்டுதோறும் ஓர் அணி வெளியேறி ஓர் அணி உள்நுழையும் பல்கலைக்கழகச் சூழலில், அதிலும் வெளியேறுவோரிற் பலர் நாட்டைவிட்டே வெளியேறும் இக்காலத்தில், ஒருவர் விரல்களில் மட்டும் தங்கிய அறிவு நிலைக்குமென எதிர்பார்த்தல் கூடாது.

கைவேலையின் ஆபத்துக்கு உலகறிந்த உதாரணமும் உண்டு. நைட் கப்பிட்டல் என்னும் அமெரிக்கப் பங்குவணிக நிறுவனம் 2012 ஓகஸ்ட் 1ஆம் நாளுக்கென எட்டுச் சேவையகங்களில் புதிய நிரலை நிறுவவேண்டியிருந்தது. ஏழில் நிறுவப்பட்டது, எட்டாவது விடுபட்டது. இரண்டாம் ஆளொருவர் அதனை மீளப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டுமென்ற எழுத்திலமைந்த நடைமுறையும் இருக்கவில்லை. எட்டாவதிற் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு கட்டளைகளை அனுப்பிக்கொண்டேயிருந்தது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் நிறுவனம் இழந்த தொகை 440 மில்லியன் டொலருக்கும் அதிகம்.

அண்ணா சென்றபின் நாங்கள் கைக்கொண்ட முறை இப்போது பரவலாக வழங்குவது. பொதியின் மூலநிரலோடு ஒரு நடைமுறைக் கோப்பும் களஞ்சியத்தில் வைக்கப்படுகிறது. எவரேனும் ஒரு திருத்தத்தைச் சமர்ப்பித்ததும் கிட்ஹப் சேவை ஒரு வெற்றுக் கணினியை எழுப்புகிறது. அதில் எங்கள் பொதிக்குரிய எதுவும் முன்கூட்டி இருக்காது. கோப்பில் எழுதியபடி அது பைதனை நிறுவி, மூலத்தை எடுத்து, பொதியைக் கட்டி, கட்டிய பொதியைத் தன்னிலேயே நிறுவிச் சோதனைகளை ஓடவிடும். ‘என் கணினியில் வேலை செய்கிறதே’ என்ற பழைய சமாதானம் இங்கே செல்லாது. அந்தக் கோப்பிலே ஒரு வரி ஓரிடம் தள்ளி நின்றாலும் முழுவதும் நின்றுவிடும். யாப்பிலக்கணங்கூட இவ்வளவு கண்டிப்பானதன்று. எல்லாம் செவ்வனே முடிந்தாற் பச்சைக்குறி தோன்றும், இல்லையேற் சிவப்பு. இவ்வளவையும் இலவசமாகத் தரும் கிட்ஹப், 2018ஆம் ஆண்டிலிருந்து மைக்ரோசொஃப்ட்டின் உடைமை என்பதையும் மறந்துவிடலாகாது. எங்கள் பழைய மலர்களை மீட்கும் வேலை ஒரு பெருநிறுவனத்தின் தயவிலே நடைபெறுகிறது. இதனைச் சொன்னபோது நண்பர்கள் சிரித்தனர், மறுத்தவர் எவருமில்லை.

சோதனை என்பதே எனக்குரிய பகுதி. ஆதலால் அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். ஒவ்வொரு சோதனையும் ஓர் இணை: பாமினியில் இவ்வாறு இருப்பது ஒருங்குறியில் இவ்வாறு வரவேண்டும். இதில் என்ன சிக்கல் என்று கேட்கலாம். பாமினி, பழைய அச்சுக்கோப்பைப் போலக் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலே எழுத்தைப் பதிவுசெய்வது. ‘கொ’ என்பதற்குக் கொம்பு முதலிலும், ககரம் அடுத்தும், அரவு இறுதியிலும் வரும். ஒருங்குறியோ ஒலியொழுங்கைப் பின்பற்றி மெய்யை முதலில் வைத்து உயிர்க்குறியைப் பின்னர் வைக்கும். இந்த இடமாற்றத்தை விதிகளால் எளிதிற் செய்துவிடலாம். ஔகாரக் குறியிலேதான் வந்தது வினை. பாமினியில் அதற்கெனத் தனி வடிவம் இல்லை. கொம்பும் ளகரமுமே ஔகாரமாகவும் நின்று வேலை செய்யும். ஆகவே ‘பௌத்தம்’ என்று எண்ணித் தட்டச்சுச் செய்தவரின் கோப்பிலும் இருப்பது ‘பெளத்தம்’ என்பதே. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்று. ஆனால் ‘பௌத்தம்’ என்று தேடும் மாணவருக்குக் கணினி ‘பெளத்தம்’ உள்ள கட்டுரையைக் காட்டாது. பௌத்தம் பற்றிய கட்டுரை இல்லையென்றே அவர் எண்ணிக்கொள்வார்.

முதலில் நண்பர்கள் எழுதிய விதி துணிச்சலானது: கொம்பு, மெய், ளகரம் என்று எங்கே வந்தாலும் ஔகாரமாக்கு. பௌத்தமும் கௌரவமும் மௌனமும் சீராயின. ஆனால் வெள்ளம் ‘வௌ்ளம்’ ஆயிற்று; தெளிவு ‘தௌிவு’ ஆயிற்று. நான் கொடுத்த சொற்களில் அவ்விரண்டும் இருந்தமையாற் சிவப்புக்குறி உடனே விழுந்தது. அடுத்த விதி சற்று நுண்ணியது: ளகரத்தின் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அதனை விட்டுவிடு, ளகரம் தனித்து நின்றால் மட்டும் ஔகாரமாக்கு. இப்போது வெள்ளமும் தெளிவும் பிழைத்தன. வௌவாலும் பௌர்ணமியும் சரியாக வந்தன. எல்லாச் சோதனைகளும் பச்சை. பதிப்பை வெளியிடலாமென அனைவரும் கருதினர்.

நான் கொடுத்த சொற்கள் யாவும் கட்டுரை நடையிலிருந்து எடுக்கப்பட்டவை. தற்செயலாக, மலையகத்து வாழ்வைச் சித்திரிக்கும் ஒரு சிறுகதையின் பாமினிக் கோப்பு அவ்வாரம் கைக்கு வந்தது. மாற்றிப் பார்த்தால், லயத்திலே ஒரு தாய் மகளிடம் ‘வௌக்க ஏத்து’ என்கிறாள். ‘வெளக்கு’ முழுவதும் ‘வௌக்கு’ ஆகிவிட்டது. ‘வெளயாட்டு’ ‘வௌயாட்டு’ ஆகவும், ‘மெளகா’ ‘மௌகா’ ஆகவும் மாறியிருந்தன. கதைசொல்லியின் இலக்கிய நடையில் ஒரு பிழையுமில்லை; உரையாடலில் மட்டுமே பிழை. பேச்சுமொழியைப் படைப்பிலக்கியத்திற் கையாளலாமா என்று ஈழத்து எழுத்தாளரும் பண்டிதரும் நடத்திய பழைய மரபுப் போராட்டத்தை விரிவுரைகளிற் கேட்டிருக்கிறோம். அதனை முடிந்த கதையென்றே நான் எண்ணியிருந்தேன். இங்கே எவரும் விவாதிக்கவில்லை, எவரும் தடைவிதிக்கவில்லை. ஒரு விதியும் சில நூறு இலக்கியச் சொற்களும் சேர்ந்து, தோட்டத்து மக்களின் பேச்சை ஓசையின்றிச் சிதைத்துவிட்டன. அதற்குப் பச்சைக்குறியும் கிடைத்திருந்தது.

ஔகாரச் சொற்கள் தமிழிற் குறைவுதானே, அவற்றைப் பட்டியலிட்டு அவற்றை மட்டும் மாற்றலாமே என்று அடுத்து எண்ணினோம். கௌரவம், சௌகரியம், யௌவனம், கௌதமர் என்று எழுதிக்கொண்டு போனேன். தென்கிழக்கிலிருந்து வந்த தோழியொருத்தி பட்டியலைப் பார்த்துவிட்டு, ‘எங்கட ஆக்களின்ர பேர் ஒண்டையும் காணேல்லையே’ என்றாள். மௌலவி, மௌலானா, நௌஷாத், பௌஸியா: முஸ்லிம் மக்களின் வழக்கில் ஔகாரம் அன்றாட எழுத்து. பட்டியலின்றி விதியை விரித்தால் மலையகப் பேச்சுக் கெடும். விதியைச் சுருக்கிப் பட்டியலை நம்பினால் முஸ்லிம் பெயர்கள் கெடும். ஈற்றில், அறிந்த சொற்களையும் பெயர்களையும் கொண்ட பட்டியல் ஒன்று. அதில் இல்லாதவற்றைத் தொடாமல் விட்டு, பக்க எண்ணோடு தனித்தாளிற் குறித்துத் தருதல் என்று முடிவாயிற்று. அத்தாளை மனிதரே வாசித்தல் வேண்டும். தன்னியக்கத்திற்கு இது சற்று இழுக்கென ஒரு நண்பர் வருந்தினார். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

எனினும் தன்னியக்கம் இங்கே ஆற்றிய உதவியைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. ‘வெளக்கு’ ஒருமுறை சோதனையாக எழுதப்பட்டபின், அதனைக் கெடுக்கும் எந்தத் திருத்தமும் சிவப்புக்குறி பெறாமல் நுழைய இயலாது. நான் பட்டம் பெற்றுச் சென்றாலும், என்னை அறியாத ஒருவர் நிரலைத் திருத்தினாலும் அது காவல் நிற்கும். ஒப்புநோக்குபவரின் கூரிய கண் அவரோடு போய்விடும். எழுதிவைத்த சோதனை போகாது.

அடுத்தது வெளியீடு. பைபிஐ களஞ்சியத்தில் ஒரு பதிப்பெண்ணில் ஏற்றிய கோப்பை அழித்தாலும் அதே பெயரில் மீண்டும் ஏற்ற இயலாது. பிழையென அறிந்தால் ‘இதனைப் பயன்படுத்தற்க’ எனக் குறியிட்டுப் புதிய எண்ணில் வேறொன்றை வெளியிடவேண்டும். நூலின் கடைசித் தாளில் ஒட்டப்படும் பிழைதிருத்தம் போன்றது இது. மீளப்பெற முடியாத இச்செயலுக்கான சாவி முன்னர் அண்ணாவின் மடிக்கணினியில் இருந்ததைக் கூறினேன். 2023 ஏப்ரலில் பைபிஐ அறிமுகப்படுத்திய முறையில் நிலையான சாவியே தேவையில்லை. குறித்த களஞ்சியத்தின் குறித்த நடைமுறைக் கோப்பே வந்து நிற்கிறது என்பதை உறுதிசெய்து, 15 நிமிடங்கள் மட்டும் செல்லுபடியாகும் தற்காலிகச் சாவியை அது வழங்கும். திருடிச் சென்று நெடுநாள் வைத்திருக்கத்தக்க சாவி எவரிடமும் இல்லை.

இந்த ஏற்பாடுகள் வெறும் வசதிக்காக அல்ல என்பதை உணர 2024ஆம் ஆண்டின் எக்ஸ்இசட் விவகாரத்தை அறிதல் அவசியம். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு பொதி. லினக்ஸ் இயங்கும் கணினிகளில் அநேகமாக எங்கும் காணப்படுவது. அந்திரேஸ் ஃபிரொயிண்ட் என்னும் மென்பொருட் பொறியியலாளர், தொலைக்கணினிக்குள் நுழைகையில் வழமையிலும் அரைச் செக்கன் அளவு தாமதம் ஏற்படுவதைக் கவனித்தார். வேறெவராயினும் தோளைக் குலுக்கிவிட்டு அப்பாற் சென்றிருப்பர். அவர் தேடிச்சென்று, 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புகளில் ஒரு கள்ளவழி புதைந்திருப்பதைக் கண்டு மார்ச் 29ஆம் நாள் உலகிற்கு அறிவித்தார். ஜியா தான் என்ற பெயரில் இயங்கிய ஒருவர், களைத்துப்போயிருந்த பழைய பராமரிப்பாளருக்கு இரண்டாண்டுகளுக்கும் மேலாக உதவிசெய்து நம்பிக்கை பெற்று, வெளியிடும் உரிமையையும் பெற்றுச் செய்த வேலை அது.

அதன் நுட்பமே எங்களைத் திடுக்கிடச் செய்தது. கெட்ட நிரல் ‘சோதனைக் கோப்பு’ என்ற பெயரிலே ஒளிந்திருந்தது. சிதைந்த கோப்பைக் கொடுத்தாற் கருவி என்ன செய்யும் என்று பார்க்கும் மாதிரிகளாம் அவை, மனிதர் வாசிக்கத்தக்கனவல்ல. அவற்றிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்துப் பொதியிற் கலக்கும் கட்டளையோ எல்லோரும் பார்க்கும் மூலக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென அந்நபரே தம் கையாற் கட்டி ஏற்றிய பொதியில் மட்டுமே இருந்தது. மூலத்தை வாசித்தவர் பொதியைத் திறந்து பார்க்கவில்லை. பொதியை எடுத்தவர் மூலத்தோடு ஒப்புநோக்கவில்லை. பதிப்பாசிரியர் என்று பெயர் பெற்றவர் ஏட்டில் இல்லாத ஓரடியைப் பாடத்திற் செருகியது போன்றது இது. கட்டுதல், சோதித்தல், வெளியிடல் என்ற மூன்று படிகளிலும் மனிதநம்பிக்கை ஒன்றையே துளைத்துச் சென்ற தாக்குதல் இது எனலாம். ஒரே மூலத்தை வெவ்வேறு இடங்களிற் கட்டி, விளைவுகள் ஒரு பைட்டுக்கூட வேறுபடாதிருக்கின்றனவா என ஒப்பிடும் முயற்சியை டெபியன் குழுவினர் 2013ஆம் ஆண்டளவிலேயே தொடங்கியிருந்தனர். அந்த ஒப்புநோக்கல் ஏன் அவசியம் என்பது இப்போது எவருக்கும் விளங்கும்.

அப்படியாயின் மனிதக் கையை அகற்றிவிட்டால் போதுமே என்று நண்பர் சிலர் வாதிட்டனர். ஓராண்டுக்குள் அதற்கும் மறுமொழி கிடைத்தது. எங்களுடையது போன்ற நடைமுறைக் கோப்புகள் பிறர் எழுதிய சிறு துணைக்கருவிகளை அழைத்துப் பயன்படுத்துவதுண்டு. எந்தக் கோப்புகள் மாறின என்று பட்டியலிடும் அத்தகைய ஒரு கருவியை 23,000க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் நம்பியிருந்தன. 2025 மார்ச்சில் அதன் பழைய பதிப்புக் குறிகளைத் தாக்குநர் கழற்றி, தாம் செருகிய கெட்ட நிரலின்மேல் ஒட்டிவிட்டனர். இயந்திரங்கள் வழமைபோல் எழுந்து, வழமைபோல் அழைத்து, தம்மிடமிருந்த இரகசியச் சாவிகளைத் தமது பதிவேடுகளிலேயே எழுதிவைத்தன. பதிவேடு எவரும் பார்க்கத்தக்கதாயின் சாவியும் எவரும் பார்க்கத்தக்கதே. அவசரத்தில் ஒரு படியை விட்டுவிடுவது மனிதர் இயல்பு. இயந்திரம் ஒரு படியையும் விடாது. தவறான படியையும் விடாது.

இச்செய்தி வந்த வாரத்திலே எங்கள் கோப்பைத் திருத்தினோம். துணைக்கருவிகளைப் பதிப்பெண்ணால் அழைப்பதை நிறுத்தி, உள்ளடக்கத்திலிருந்தே கணிக்கப்படும் நாற்பது இலக்க அடையாளத்தால் அழைக்கிறோம். பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டலாம். இதனை மாற்ற இயலாது. கட்டுவதும் சோதிப்பதும் முழுமையாகத் தன்னியக்கமே. வெளியிடும் வாசலில் மட்டும் இயந்திரம் நின்று காத்திருக்கும். நிரலெழுதியவரல்லாத ஒருவர், கட்டிய பொதியைத் திறந்து, முன்னைய பதிப்புக்கும் இதற்குமுள்ள வேறுபாட்டை வாசித்து, தம் பெயரால் ஒப்புதல் அளித்த பின்னரே அது செல்லும். பருவப் பரீட்சைக் காலங்களில் இது தாமதத்தை உண்டாக்குகிறது, முணுமுணுப்பும் உண்டு. சென்ற தவணையிலிருந்து ஒப்புதல் அளிப்போருள் நானும் ஒருத்தி. நிரலின் பெரும்பகுதி எனக்கு இன்னும் விளங்காது. ஆனால் சோதனைக் கோப்பில் ஒரு சொல் நீக்கப்பட்டிருந்தால் எனக்குத் தெரியும். ஏன் நீக்கினீர்கள் என்று கேட்கவும் தெரியும்.

தீராத சோதனை ஒன்று இன்னும் உள்ளது. ‘நாய் எலும்பைக் கௌவி ஓடியது’ என்பது ஒரு வாக்கியம். ‘அந்தக் கெளவி வாசல்ல குந்தியிருக்கு’ என்பது மற்றொன்று. கிழவியைத்தான் அவ்வாறு சொல்வது. பாமினியில் இரு சொற்களுக்கும் ஒரே எழுத்துக்கோவை. பட்டியலில் ‘கௌவி’யைச் சேர்த்தாற் கிழவி கெடுகிறாள், நீக்கினால் நாய் எலும்பைத் தவறவிடுகிறது. வாக்கியத்தின் பொருளறியாமல் இதனைத் தீர்க்க விதியில்லை. இப்போதைக்குப் பட்டியலில் ‘கௌவி’ உண்டு. இரண்டாவது வாக்கியத்தை நீக்கிவிடலாம், எப்போதும் தோற்கும் சோதனை எதற்கு என்று கேட்டனர். நான் இணங்கவில்லை. ‘தோல்வி எதிர்பார்க்கப்படுகிறது’ என்று ஒரு சோதனைக்குக் குறியிட வழியுண்டு. அவ்வாறு குறித்த சோதனை என்றேனும் வெற்றிபெற்றுவிட்டால் இயந்திரம் அதனையே பிழையாகக் கொண்டு சிவப்புக்குறி காட்டி நின்றுவிடும். அக்குறியோடு கிழவி அங்கேயே குந்தியிருக்கிறாள்.